வால் கிழிந்த வஞ்சிரம்

“நான் டூரிஸ்ட் இல்லம்மா. நடந்து ஊர் பார்க்கிறவன். ரெண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு,” என்றார் பலராமன்.

வழிகாட்டிப் பெண் மெரின் பணிவாகத் தலையாட்டினாள். புதுச்சேரி பெரிய மார்க்கெட் வாசலில் சென்னையிலிருந்து வந்த ஒரு சிறு கூட்டம் அவளைச் சுற்றி நின்றது. மஞ்சள் சுவரைப் பார்த்தால் ஒரு படம், பூட்டிய கதவைப் பார்த்தால் ஒரு படம் என்று எடுத்துத் தள்ளுகிற கூட்டம். பலராமன் அவர்களைப் புழுவைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“காரைக்குடி, கும்பகோணம், கொச்சின்... பழைய கடைத்தெரு ஒண்ணு விடாம நடந்திருக்கேன். எந்த ஊர் மார்க்கெட்லயும் என்னை வெளியாளா நினைச்சதே கிடையாது. ‘வாங்கண்ணே’ன்னுதான் கூப்பிடுவாங்க. இங்கேயும் பாருங்க.”

அவர் மனைவி கமலா இதை எத்தனையோ ஊர்களில் கேட்டவள்.

பூக்கடை, காய்கறிக் கடையெல்லாம் தாண்டி மீன் பக்கம் வந்ததும் மெரின் நின்றாள்.

“சார், அதோ ஓரத்துல உட்கார்ந்திருக்காங்களே புஷ்பமேரி, அவங்ககிட்ட மட்டும் போகாதீங்க. வாய் கொஞ்சம் அதிகம். சுத்திப் பார்க்க வர்றவங்களைக் கண்டாலே அவங்களுக்கு ஆகாது.”

போகாதே என்றால் போகிற ஆள் பலராமன். நேராகப் போய், “போன்ஜூர் அக்கா!” என்று பிரெஞ்சில் வணக்கம் வைத்தார்.

புஷ்பமேரியின் பலகையில் பெரிய வஞ்சிரம் ஒன்று கிடந்தது. வாலோரம் கொஞ்சம் கிழிந்திருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“போன்ஜூர் கீன்ஜூரெல்லாம் பீச் பக்கம் வச்சிக்க. வந்துட்டாரு தொப்பிய மாட்டிக்கினு! என்னா, மீன் வாங்க வந்தியா, வேடிக்கை பாக்க வந்தியா?”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

“இல்லக்கா, நான் மத்தவங்க மாதிரி...”

“வர்றவன் எல்லாம் இதத்தான் சொல்றான். நீ மோந்து பாத்துட்டுப் போறதுக்கு நாங்க என்னா இங்க கண்காட்சியா வச்சிருக்கோம்? தள்ளு, வாங்குறவங்களுக்கு வழிய விடு. வஞ்சிரம் எது, வவ்வால் எதுன்னு தெரியாது, பேச்சப் பாரு!”

“வாங்க போலாம். ‘வாங்கண்ணே’ன்னு கூப்பிட்ட அழகைத்தான் பார்த்தாச்சே,” என்றாள் கமலா. இத்தனை வருஷத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு. விடுவாளா?

பலராமனுக்கு முகம் செத்துவிட்டது. இப்படியே திரும்பினால் இந்தக் கூட்டத்தின் முன்னால் மட்டுமில்லை, வீட்டிலும் இனி வாய் திறக்க முடியாது. சட்டென்று குனிந்து மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். நல்ல சிவப்பு.

“எனக்கா மீன் தெரியாது? போடுங்க இதை!” என்றவர், அவள் சொன்ன விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தார்.

“அப்பிடி வாங்கண்ணே!” என்றாள் புஷ்பமேரி.

பலராமன் திரும்பி எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். “கேட்டீங்களா?”

அந்தப் பெருமை மார்க்கெட் வாசல் வரைதான் தாங்கியது. பையிலிருந்து மீன் தண்ணீர் அவருடைய வெள்ளைப் பேண்ட்டில் சொட்டியது.

“லாட்ஜ் ரூம்ல எந்த அடுப்புல வச்சுக் குழம்பு வைக்கப் போறீங்க?” என்று கேட்டாள் கமலா.

பையை மெரினிடம் நீட்டினார் பலராமன். “யாராவது ஏழைப்பட்டவங்களுக்குக் குடுத்துடும்மா.” பெரிய தர்மம் செய்த முகத்தோடு ஆட்டோவில் ஏறினார்.

கூட்டம் கலைந்ததும் மெரின் மீன் பக்கம் திரும்பி நடந்தாள். புஷ்பமேரியின் பலகையில் பையைக் கவிழ்த்தாள். வால் கிழிந்த வஞ்சிரம் பழைய இடத்திலேயே வந்து படுத்தது.

“என்னாடி மவளே, இன்னிக்குத் திட்டு பத்துச்சா?”

“தாராளமா. ஏழைப்பட்டவங்களுக்குக் குடுன்னாரும்மா, அதான் உங்கிட்டயே கொண்டாந்துட்டேன். சீக்கிரம் ஐஸைப் போடு, அடுத்தது பெங்களூர் கும்பல் வருது. அவங்களுக்குத் தமிழ் தெரியாது, மூஞ்சியிலயேதான் திட்டணும்.”