பழைய பெட்டிக்குப் புது கார்டு

மூன்றாவது கிராபிக்ஸ் கார்டையும் அந்தப் பழைய கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்துவிட்டான் லிங்கராஜ். திரை இருண்டே கிடந்தது. ஆரியசாலைக் கடைப் புழுக்கத்தில் முதுகு வியர்த்துப்போனது.

“நாளைக்கு அவருக்குப் பதினாறாம் நாள் காரியம், தம்பி. போட்டோ இதுக்குள்ளயாக்கும் இருக்கு. வேற படமே கிடையாது” என்றாள் அதைக் கொண்டுவந்திருந்த சுசீலாபாய்.

“பழைய பெட்டி, சேச்சி. புது கார்டை ஏத்துக்க மாட்டேங்குது.”

“அவரும் அப்படித்தான். புதுசு ஒண்ணும் பிடிக்காது.”

லிங்கராஜ் கடைசி கார்டைச் செருகி சுவிட்சைப் போட்டான். மானிட்டர் வெளிச்சமானது. திரை முழுக்க அவள் கணவர் வேலாயுதனின் முகம்.

“மதி, போதும் தம்பி, இனி தொடண்டாம்!” என்று சுசீலாபாய் அழுதாள்.

லிங்கராஜ் தொடவில்லை. கார்டிலிருந்து மானிட்டருக்குப் படத்தைக் கொண்டுபோகும் கேபிள், இன்னும் மாட்டப்படாமல், அவன் இடது கையில் தொங்கிக்கொண்டிருந்தது.