ஊதா ஏறிய தாள்

குத்தாலத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் ரோஸ்லின் மேல்மூச்சு வாங்கிக் கிடக்கிறாள். அவள் மூச்சில் நகப்பூச்சு வாடை அடிக்கிறது. அவளுடைய மூன்று மாதக் குழந்தை, பாட்டி விண்ணரசியின் தோளில் வீறிட்டு அழுகிறது. குழந்தையின் ஞானஸ்நானத்தன்று மனைவி இளைத்துக் கல்யாண ரவிக்கையைப் போட்டாக வேண்டும் என்று நாற்பது நாளாகச் சோற்றை நிறுத்திவைத்த மருமகன் ஆன்டோ, கொழுப்பு கரைவதை நிறத்தால் காட்டுமென்று அவள் சிறுநீரில் நனைத்த கீட்டோன் தாளை, சாம்பிள் அரிசி காட்டும் தரகனைப்போல ஜன்னல் வெயிலில் நீட்டுகிறான். "பாருங்க டாக்டர், ஊதா எவ்வளவு அடர்த்தியா ஏறியிருக்கு! கொழுப்பு நல்லாக் கரையுது. இவளுக்குத்தான் சுகரே இல்லையே, கீட்டோன் என்ன பண்ணிடும்?" டாக்டரம்மா நிமிரவில்லை, ஊசி போட நரம்பைத் தட்டித் தேடுகிறார். "சுகர் இல்லாட்டி என்னங்க? பால் குடுக்கற உடம்பு. மாவுச்சத்தை அடியோட நிறுத்தினதுல கீட்டோன் எக்கச்சக்கமா ஏறி ரத்தமே அமிலமாயிருக்கு. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா உயிருக்கே ஆபத்து." குளுக்கோஸ் சொட்டத் தொடங்குகிறது. ஆன்டோவின் முகம் தொங்கிப்போகிறது. "ஐயோ, குளுக்கோஸா? நாப்பது நாள் உழைப்பு வீணாயிடுமே!" விண்ணரசி, வெடித்துக் கிடக்கும் மகளின் உதட்டைப் பார்க்கிறாள். அலறும் குழந்தையைத் தோளிலிருந்து இறக்கி அவன் கையில் திணிக்கிறாள். "உழைச்சது அவ. இப்ப புள்ளைக்குப் பசிக்குது மாப்பிள்ளை, நீங்க பாலைக் குடுங்க பாப்போம்."