பலக்கே

"இவன் எதுக்கு இங்க வந்து வண்டிய நிறுத்துறான்?"

டெம்போவுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த முனிவேலுக்குத் தெரிந்தது இரண்டு கால்கள்தான். ஆனால் அந்தப் பச்சை வார் செருப்பை அவனுக்கு நன்றாகவே தெரியும். நஞ்சப்பாவின் செருப்பு.

பேரிகை கிராமத்து ரோஜாத் தோட்டத்தில் போன மாதம் வரை பூ ஏற்றிக்கொண்டிருந்தவன் நஞ்சப்பா. கர்நாடகத்து மாலூர் பக்கத்து ஆள், தமிழ் வராது. பூ ஏற்றிப்போகும் அவனுடைய நடையைத்தான் தோட்டத்துக்காரர் இப்போது முனிவேலுக்கு மாற்றிக் கொடுத்திருந்தார். முனிவேல் சிங்காரப்பேட்டையிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவன். பழைய டெம்போ ஒன்று வாங்கி ஓட்டுகிறான். கன்னடம் ஒரு சொல் தெரியாது.

இன்றைக்குப் பூ பெங்களூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போக வேண்டும். "வெயில்ல மொட்டு விரிஞ்சுட்டா அது பூ இல்ல, குப்பை. குப்பையைக் கொண்டுபோய் இறக்குனா நாளையிலிருந்து நீ வர வேண்டாம்" என்று சொல்லித்தான் தோட்டத்துக்காரர் அனுப்பியிருந்தார்.

பாதி வழியில் ஃபேன் பெல்ட் அறுந்தது. மாற்று பெல்ட் வண்டியிலேயே இருந்தது. அதை மாட்ட ஃபேனைக் கழற்ற வேண்டும். ஃபேனைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரே ஒரு போல்ட், வருவேனா என்றது.

முனிவேலும் லேசில் விடுகிற ஆள் இல்லை. ஃபேன் சுற்றாமல் கட்டையை முட்டுக் கொடுத்து, ஸ்பேனரை மாட்டி, இடது பக்கம் இழுத்தான். எண்ணெய் விட்டு இழுத்தான். சுத்தியலால் நாலு தட்டு தட்டிவிட்டு இழுத்தான். மேலே தார்ப்பாய்க்குள் மொட்டுகள் வெந்துகொண்டிருந்தன.

"பலக்கே திருகிசு" என்றான் நஞ்சப்பா.

பலமாகத் திருப்பச் சொல்கிறான். இது புரியக் கன்னடம் படித்திருக்க வேண்டுமா என்ன?

இதற்கு மேல் பலத்துக்கு எங்கே போவது என்று முனகிக்கொண்டே, ஸ்பேனர் வாலில் ஓர் இரும்புக் குழாயைச் செருகினான். காலை டயரில் உதைத்துக்கொண்டு இழுத்தான்.

"பலக்கே, பலக்கே."

படார் என்றது. போல்ட் இருந்த இடத்திலேயே இருந்தது. ஸ்பேனர்தான் வாய் பிளந்துகொண்டது. முனிவேலின் விரல் முட்டிகள் தேய்ந்து ரத்தம் வந்தது.

வந்ததே ஆத்திரம். "நடை கைவிட்டுப் போன வயித்தெரிச்சல்ல வேடிக்கை பாக்க வந்தியா? சும்மா நின்னுக்கிட்டு பலமா இழு, பலமா இழுங்கறே. போய்யா, உன் வேலையப் பாத்துக்கிட்டு."

கால்கள் இரண்டடி பின்வாங்கின. பிறகு சாலையைக் கடந்து, எதிரே வெள்ளரிக்காய் விற்கும் சென்னம்மாளின் தள்ளுவண்டிக்குப் போயின. அங்கே ஏதோ பேச்சு நடந்தது. வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டே மிச்ச வேடிக்கையையும் பார்க்கப்போகிறான் என்று முனிவேல் பல்லைக் கடித்தான்.

கால்கள் தன் வண்டிப் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தன. ஒரு கை வண்டிக்கு அடியில் நீண்டது. அதில், போல்ட்டுக்குச் சரியான சாக்கெட் மாட்டிய ஒரு ராட்செட் ஸ்பேனர்.

முனிவேலின் மனசு ஒரு கணம் இளகித்தான் போயிற்று. வாங்கி மாட்டி, இடது பக்கம் இழுத்தான். கடகடவென்று சும்மா சுற்றியது. திருப்பிப் பார்த்தால், இறுக்கவும் கழற்றவும் மாற்றிக்கொள்கிற விசை உடைந்து கிடக்கிறது. வலது பக்கம் மட்டும்தான் பிடிக்கும். அதாவது இறுக்கலாம், கழற்ற முடியாது.

உடைந்த சாமானைக் கொடுத்துக் கேலி வேறு செய்கிறான். நஞ்சப்பா குனிந்து, கையைச் சுழற்றி மறுபடியும் "பலக்கே" என்றான். முனிவேல் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

வேறு சாமானும் கிடையாது. பூவை விட்டுக்கொடுக்கவும் மனசில்லை. இறுக்கத்தானே ஆகும், இறுக்கியே பார்ப்போம், அப்படியாவது துரு விடுகிறதா என்று குழாயைச் செருகினான். மூச்சைப் பிடித்துக்கொண்டு வலது பக்கம் ஒரே தள்ளு.

டக்.

போல்ட் முறிந்தே விட்டது என்று நினைத்தான். விரலால் தொட்டுப் பார்த்தான். முறியவில்லை. வலது பக்கம் திருகத் திருக, சமர்த்தாக வெளியே வந்தது.

தலைகீழ் மரை. ஊரில் உள்ள போல்ட்டெல்லாம் இடது பக்கம் கழன்றால் இது மட்டும் வலது பக்கம் கழலும். இவ்வளவு நேரமும் உயிரைக் கொடுத்து அதை இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறான்.

நஞ்சப்பாவும் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டான். புது பெல்ட்டை மாட்டி, பிளந்த ஸ்பேனரின் வாயில் தகரத்துண்டைச் செருகி இரண்டு பேருமாக இறுக்கினார்கள். ஓட ஓடத் தானாகவே இறுகிக்கொள்ளும் மரை அது. வேலை முடிந்ததும் நஞ்சப்பா ராட்செட்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு, முனிவேலின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வண்டியேறினான். அவனுடையதும் அதே ரக டெம்போதான் என்பதை முனிவேல் அப்போதுதான் கவனித்தான்.

ரேடியேட்டருக்குத் தண்ணீர் கேட்டுத் தள்ளுவண்டிக்குப் போனான்.

"அக்கா, பலக்கேன்னா பலமான்னுதானே?"

சென்னம்மாள் சிரித்தாள். "வலது பக்கம்னு அர்த்தம் தம்பி."

வாங்கிய குடத்தைக் கீழே வைத்தான். வெட்கமாக இருந்தது முனிவேலுக்கு.

"அந்த மனுசன வாய்க்கு வந்தபடி திட்டிட்டேங்க்கா. அதுக்கப்புறமும் எப்படித் திரும்பி வந்தாரு?"

"நீ என்ன சொல்றேன்னு புரியாம இங்க வந்து என்னைத்தான் கேட்டாரு" என்றாள் சென்னம்மாள், வெள்ளரிக்காயைக் கீறிக்கொண்டே. "'என்னை இப்படியே விட்டுட்டுப் போயிடாதீங்கண்ணா'ன்னு நீ கெஞ்சுறதா சொன்னேன்."