காலி இருக்கா?

"என்னங்க, உங்க சொந்தக்காரர் வந்துட்டார்" என்றாள் கார்த்திகா, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

வாசலில் காத்தமுத்து. வெள்ளிக்கிழமை பதினோரு மணி என்றால் கடிகாரம் தவறினாலும் அவர் தவறமாட்டார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, சட்டைப்பையில் கையை விட்டபடி உள்ளே வந்தார்.

"காலி இருக்கா தம்பி?"

"உங்களுக்கு இல்லாமலாங்ணா!" ஸ்ரீதர் அலமாரிக்கு அடியில் குனிந்து ஒரு வெற்று டப்பாவை எடுத்தான். நீலகிரியிலிருந்து தேயிலை வந்த தகர டப்பா. மேலே பச்சை எழுத்தில் கடையின் பெயர் ஒட்டியிருந்தது. "பாக்கெட்ல இருந்து கைய எடுங்க மொதல்ல. காலி டப்பாவுக்கு யாராச்சும் காசு வாங்குவாங்களா?"

காத்தமுத்து டப்பாவையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு போனார்.

ஐந்து மாதமாக இதே கதைதான்.

ஸ்ரீதரும் கார்த்திகாவும் கோயமுத்தூரிலிருந்து போர்ட் பிளேருக்கு வந்து, டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் 'ஈரிலை' என்று தேயிலைக் கடை திறந்த ஜோடி. இந்தி ஒரு வார்த்தை தெரியாது, தைரியம் மட்டும் கப்பல் கப்பலாக இருந்தது. கண்ணாடிக் கெட்டில், மூங்கில் வடிகட்டி, மூன்று நிமிட மணல் கடிகாரம் என்று கடையை அடுக்கினார்கள். பால் கிடையாது, சர்க்கரை கிடையாது, இலையைக் கொதிக்க விடுவது மகா பாவம். முதல் மாதம் உள்ளே வந்தவர்களில் பாதிப் பேர் போர்டைப் பார்த்துக் கட்சி ஆபீஸ் என்று நினைத்தவர்கள். இந்த சீசனில் கடை நிமிராவிட்டால் ஊருக்குக் கப்பல் ஏறிவிடுவது என்று இருவரும் முடிவே செய்திருந்தார்கள்.

நல்லவேளை, நிமிர்ந்தது. கையில் பெட்டியோடு கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியிலிருந்து நேராக ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

"எல்லாம் என் ரீல்ஸ் பண்ற வேலை" என்று கார்த்திகா தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள்.

வருகிறவர்களுக்கெல்லாம் ருசி பார்க்க ஒரு சின்னக் கோப்பை டீ உண்டு. காத்தமுத்துவுக்கு மட்டும் கிடையாது. அது கார்த்திகா போட்ட சட்டம். "ஒரு கிராம் இலை வாங்காத மனுஷன். ஓசி டப்பாவுக்கு வர்றவருக்கு ஓசி டீ வேறயா?"

அன்று மதியம் வழக்கமாக வரும் விஜயகுமாரி டீச்சர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"ஃபீனிக்ஸ் பேயில பிராஞ்ச் போட்டிருக்கீங்களாமே, சொல்லவேயில்ல? ஜெட்டி கேட்டுக்கு எதிர்த்தாப்புல காத்தமுத்து டீக்கடையில உங்க டப்பா வரிசையா நிக்குதே!"

கார்த்திகாவுக்குச் சுர்ரென்று ஏறியது. "கேட்டீங்களா? நம்ம டப்பாவுல தூளைப் போட்டு நம்ம பேர்ல விக்கிறார் அந்த ஆளு. நம்ம கடைப் பேரே நாறப்போகுது. எடுங்க வண்டிய!"

ஸ்ரீதர் வண்டியை மெதுவாகவே ஓட்டினான். டப்பாவைத் தூக்கித் தூக்கிக் கொடுத்தவன் அவன்தானே.

டீக்கடையில் பால் டீ தளபுளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. மேல்பலகையில் டப்பாக்கள், இருபதுக்குக் குறையாது. 'ஈரிலை' என்ற பெயர் வெளியே தெரிகிற மாதிரி பளிச்சென்று துடைத்து அடுக்கியிருந்தார் காத்தமுத்து. எதிரே ஹேவ்லாக் தீவிலிருந்து வந்து இறங்கிய சென்னைக்காரத் தம்பதி நின்றிருந்தார்கள்.

"இருங்க, கையும் களவுமாப் பிடிப்போம்." கார்த்திகா கணவனைக் கூட்டத்துக்குப் பின்னால் நிறுத்தினாள்.

"அந்த டப்பாவுல இருக்கிற டீ ரெண்டு குடுங்க" என்றார் சென்னைக்காரர்.

"அது என்கிட்ட கிடையாது சார். டப்பா மட்டுந்தான்." காத்தமுத்து ஒன்றை இறக்கி, மூடியைத் திறந்து அந்தப் பெண்ணிடம் நீட்டினார். "மோந்து பாருங்கம்மா. எங்கம்மா சிலோன் தோட்டத்துல கொழுந்து பறிச்சவங்க. நல்ல இலை எதுன்னு என் மூக்கு சொல்லிரும். வெறும் டப்பாவே இப்படின்னா டீ எப்படி இருக்கும்! டெய்ரி ஃபார்ம் போய் ஈரிலைன்னு கேளுங்க. மெயின்லேண்ட்ல இருந்து ரெண்டு சின்னப் பிள்ளைங்க வந்து கடை போட்டிருக்காங்க. நாமதானே கை குடுக்கணும்?"

"எல்லாரையும் அங்க அனுப்பிட்டா உங்க வியாபாரம்?"

"எனக்கு அவசரக்காரங்க போதும் சார். கப்பலுக்கு ஓடுறவன் மணல் கடிகாரமா பாப்பான்?"

தம்பதி சிரித்துக்கொண்டே ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டார்கள். கார்த்திகாவுக்குத் தன் ரீல்ஸ் ஞாபகம் வந்தது. முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அப்போதுதான் காத்தமுத்து இவர்களைப் பார்த்தார். "அடடே, வாங்க தம்பி! வாம்மா! கடையப் பூட்டிட்டா வந்தீங்க? இப்பத்தானே ரெண்டு பேர அங்க அனுப்பினேன்!"

ஸ்ரீதர் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "எங்களுக்காக இவ்வளவு செஞ்சிருக்கீங்க. வாரா வாரம் வந்துட்டு வெறும் டப்பாவோட திரும்பிப் போனீங்களேங்ணா. ஒரு நாளாச்சும் வாயத் தொறந்து ஒரு டீ கேட்டிருக்கக் கூடாதா?"

காத்தமுத்து கூச்சத்தோடு தலையைச் சொறிந்தார்.

"வாரா வாரம் அதத்தானே கேட்டேன்? நீங்க சிரிச்ச முகமா டப்பாவ நீட்டிருவீங்க, குடுக்கிற கையத் தட்டிவிட மனசு வரல. இந்தி பேசுற இந்தத் தீவுல 'காலி'ன்னா பால் ஊத்தாத கறுப்பு டீ, தம்பி."