ஒரே கரண்டி

நல்லம்மாள் வாயைத் திறக்கவே இல்லை. இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எதிரே கேக்கும் கரண்டியுமாகக் குனிந்து நின்றவர் சிவநேசன். பாகான் டாலாமில் பெரிய மனிதர். அறுபதாவது பிறந்தநாளைக் கொண்டாட, பாலம் தாண்டி ஜார்ஜ்டவுன் முதியோர் இல்லத்துக்கு வந்திருந்தார். எல்லாருக்கும் தன் கையாலேயே கேக் ஊட்டவேண்டும், அதை வீடியோ எடுக்கவேண்டும் என்று ஏற்பாடு. வரிசையில் முதல் ஆளே முரண்டு பிடித்தால் யாருக்குத்தான் சுள்ளென்று கோபம் வராது?

"வாயத் தொறங்கம்மா" என்றவர், திரும்பிக்கொண்டு இரண்டு முறை இருமினார்.

"வேணாம்."

இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ், மிஸி லோகேஸ்வரிக்குத் தர்மசங்கடம். "என்னம்மா நீங்க, சார் எவ்ளோ பிஸி! உங்களுக்காக வந்திருக்காரு. ஒரு வாய்தானே லா?"

"வச்சிட்டுப் போகச் சொல்லு மிஸி. என் கரண்டியில நானே சாப்ட்டுக்குவேன். இருமிக்கிட்டு, ஒரே கரண்டியால எல்லாருக்கும் ஊட்ட வேணாம்."

"இது சும்மா இருமல் லா. ஏர்கோன் குளிரு ஒத்துக்கல, அவ்ளோதான்" என்றார் சிவநேசன்.

"போன வருசம் ஒருத்தரு இதையேதான் சொல்லி ஊட்டிட்டுப் போனாரு. அடுத்த வாரம் ஹால் முழுக்கக் காய்ச்சல். பக்கத்துக் கட்டில் சபூராவுக்கு நெஞ்சுல சளி கட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. அவ திரும்பி வரவே இல்ல."

"நல்ல நாளும் அதுவுமா சாவுப் பேச்சா?" சிவநேசனின் முகம் சிவந்துவிட்டது. "இங்க இருக்கிற எல்லாரையும் பெத்த தாயா நெனைச்சுத்தான் வந்தேன். நல்லதுக்குக் காலமில்ல!"

"கெழவிக்குத் திமிரப் பாரேன்" என்று கூட வந்தவர்களில் ஒருவர் முணுமுணுத்தார்.

நல்லம்மாள் அசையவில்லை. வேண்டுமானால் திமிர் என்றே வைத்துக்கொள்ளட்டும்.

அப்போது சிவநேசனின் கைப்பேசி அடித்தது. மனைவி. வயதானவர்களுக்குக் காது கேட்காது என்ற நினைப்போ என்னவோ, அங்கேயே நின்று சத்தமாகப் பேசினார்.

"ஆமா, இங்க முடிச்சிட்டு நேரா வீட்டுக்குத்தான். அம்மாவ ரூம்ல விட்டுக் கதவச் சாத்திடு. நான் வந்தா பக்கத்துல வரவேணாம்னு சொல்லு. எனக்கு இருமல் இன்னும் விடல. வயசானவங்க லா, ஒட்டிக்கிச்சுன்னா தாங்கமாட்டாங்க."

பேசி முடித்து, சிரித்த முகத்தோடு அடுத்த நாற்காலிக்கு நகர்ந்து கரண்டியை நீட்டினார்.

வரிசையில் ஒரு வாய்கூடத் திறக்கவில்லை.