பின்பக்கத்துக்கு ஒரு ஆள்

கிளீவ்லாண்ட் கிடங்கில் சின்ன ஃபோர்க்லிஃப்ட் சுமைதூக்கி கனத்த வார்ப்பிரும்புப் பெட்டியைத் தூக்க, வண்டியின் பின்சக்கரங்கள் தரையை விட்டு எழும்புகின்றன. பெரிய வண்டி மறுகோடியில் நிற்கிறது. அவ்வளவு தூரம் நடக்க யாருக்கு மனசு? “டேய் வெண்டல், உன் தொப்பைக்கு இன்னிக்குத்தான்டா வேலை வந்திருக்கு, பின்னாடி ஏறி உக்காரு!” என்கிறான் ஓட்டும் ராஸ்கோ. பெருமையோடு ஏறுகிறேன். திருப்பத்தில் பெட்டி சரிகிறது, நான் உருண்டு விழுகிறேன், வண்டி பக்கவாட்டில் சாய்கிறது. ராஸ்கோ குதிக்கக் காலை வெளியே நீட்டுகிறான். “குதிக்காதடா, நசுங்கிருவே! ஸ்டியரிங்கப் புடி!” என்று அலறுகிறேன். கால் உள்ளே போகிறது. அது இருந்த இடத்தில் வண்டியின் கூரைக்கம்பி இறங்கி சிமெண்டைப் பிளக்கிறது; சில்லுகள் என் முகத்தைக் கிழிக்கின்றன. தூசிக்குள் ராஸ்கோவின் இருமல். “நீ இன்னும் ரெண்டு பர்கர் தின்னுட்டு வந்திருக்கலாம்டா.” ஓட்டுநர் கூண்டுக்குள் கைவிட்டு அவன் தலையைத் தடவிப் பார்க்கிறேன்; முழுசாக இருக்கிறது.