பால் டின் காப்பி

எழுத்தர் வேலை பார்த்த கிராணி ஏகாம்பரத்துக்குக் கண்ணில் பட்டதெல்லாம் அழுக்கு. காஜா பெராங் சாலை முனையில் காப்பிக்கடை வைத்திருந்த கபீர், பழைய பால் டின்னில் காப்பியை ஊற்றி, கயிறு கட்டி நீட்டியபோது அவர் தொடவில்லை.

"எவன் வீட்டு எச்சில் டின் பாய் இது? மெர்டேக்கான்னு சுதந்திரம் வந்தும் உமக்குச் சுத்தம் வரலையே."

"வெந்நீர்ல கழுவி, விளிம்பைத் தட்டித்தான் ஒரு அம்மா கொடுக்கறாங்க, கிராணி."

"யாரு, குப்பையைக் கிளறுற பொம்பளையா? அவளுக்குப் புருஷன்னு ஒருத்தன் இருக்கானா, இல்லையா?"

"இருக்காருங்க."

"பொண்டாட்டியை டின் பொறுக்க விட்டவனெல்லாம் ஒரு ஆம்பளையா? பேரைச் சொல்லும். இல்லேன்னா சுகாதார ஆபீஸ்ல சொல்லி உம்ம லைசென்ஸைப் பிடுங்க வைப்பேன்."

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கபீருக்குப் பிழைப்பே அந்தக் கடைதான்.

"சொல்லக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டாங்க. காசு வாங்கறதில்ல, டின்னுக்குப் பதிலா காப்பித்தூள்தான். வீட்டுக்காரர் வெளியிலேயே வாங்கிக் குடிச்சுக்கறாராம். வீட்டுக்குத் தூள் வாங்கிப் போடுறதில்லையாம்."

"அந்தக் கஞ்சப்பய யாருன்னுதான் கேக்கறேன்."

"டின் கொடுக்கறது உங்க வீட்டம்மாதான், கிராணி. ஒரு பொட்டலம் தூள் கட்டட்டுங்களா?"